வரிசையில் விட்ட இடம்

மெலூரா நாட்டின் முதல் பொதுத் தேர்தல். ரொறொன்ரோவில் இருக்கும் அந்நாட்டவர்கள், மல்வேர்னில் நான் துப்புரவு வேலை பார்க்கும் மண்டபத்தில் வாக்களித்தார்கள். சப்பாத்துகளில் வந்த பனி உருகித் தரையெல்லாம் ஈரம். நான் மொப்பால் துடைத்தபடி இருந்தேன்.

நரைத்த புருவக்காரர் ஒருவர் மட்டும் தனக்கு முன்னால் ஓராள் இடம் விட்டு நின்றார். யாரோ ஒருவரின் தோளில் வைத்திருப்பதுபோல் ஒரு கை உயர்ந்திருந்தது. வரிசை நகர, வெற்றிடமும் கூடவே நகர்ந்தது. பின்னால் நின்ற எவரும் அதற்குள் புகவில்லை.

"அண்ணை, முன்னுக்கு இடம் கிடக்கு," என்று பழக்கதோஷத்தில் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவரும் தமிழிலேயே பதில் சொன்னார். பாக்டரியில் எங்கள் ஆட்களோடு வேலை செய்து பழகிய தமிழாம்.

"அதிலை என்ரை தமையன் நிக்கிறார். இந்த வோட்டுரிமையைக் கேட்டதுக்குத்தான் அவரைச் சுட்டவங்கள். எங்கடை நாட்டிலை செத்தவைக்கும் வரிசையிலை இடம் விடுறது."

நான் குனிந்து, அந்த வெற்றிடத்தின் தரையைத் துடைத்தேன். நிமிர்வதற்குள் அது மறுபடி நனைந்திருந்தது. திரும்பவும் துடைத்தேன். திரும்பவும் ஈரம்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி," என்றார் அவர், தாழ்ந்த குரலில். "கனதூரம் நடந்து வந்தவர்."

அதன்பிறகு அந்த இடத்தில் நான் மொப்பை வைக்கவில்லை.