அன்று நான் சொன்ன ஆமென்

திருத்துறைப்பூண்டியில் எங்கள் லுத்தரன் சபையில் நன்றாகப் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் நான்தான் பிரசங்கம் செய்வேன். துக்க வீடுகளில் ஆறுதல் சொல்லவும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார், பேச்சுக்கு எங்கே பஞ்சம்? அப்படிப்பட்டவன் பேசியே தீர வேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. தஞ்சாவூரில் ஆபரேஷன் முடிந்ததும் ஆறு கீமோ ஊசி போட வேண்டும் என்றார்கள். மூன்றாவது ஊசியோடு அவள் ஒடிந்துபோனாள். முடி முழுக்கக் கொட்டிவிட்டது. வாயெல்லாம் புண்ணாகி மோர்கூட இறங்கவில்லை. நான்காவது ஊசிக்கு முந்தைய வாரம், சபையில் ஜெபக்குழு நடத்தும் அக்கா நாலைந்து பேரோடு வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் தலையில் கைவைத்துச் சொன்னார்:

"தங்கச்சி, ஆண்டவர் உன்னைத் தொட்டுட்டாரு. எனக்கு உணர்த்தினாரு. இதுக்கு மேல ஊசி போட்டுக்கிட்டா அது அவரைச் சந்தேகப்படுற மாதிரி."

என் மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஊசியும் ஆண்டவர் கொடுத்ததுதானே என்ற கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. ஆனால் பயம். நான் மறுத்துப் பேசி, அதனாலேயே அவளுக்கு வரவிருந்த சுகம் நின்றுபோனால்? பிரசங்கம் செய்கிறவனுக்கே விசுவாசம் இல்லை என்று இவர்கள் நினைத்துவிட்டால்? ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

தஞ்சாவூருக்குப் போகவில்லை. அடுத்த சில வாரங்கள் அவள் நன்றாகச் சாப்பிட்டாள். தலையில் பூனைமுடி போல முளைத்தது. ஆண்டவர் சுகம் தந்தார் என்று ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அதை அடக்கிக்கொண்டு, நான் ஆண்டவருக்குக் காத்திருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சம்பா கதிர் பிடிக்கும் நேரத்தில் அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஸ்கேனைப் பார்த்த தஞ்சாவூர் டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏன் சார் நிறுத்துனீங்க? நீங்க படிச்சவர்தானே?"

நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

அவளை வார்டில் சேர்த்துவிட்டு, மறுநாள் ஜெபக்குழு அக்காவின் வீட்டுக்குப் போய்க் கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஈரத்துணியைக் கையில் பிடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"திட்டுங்க சார். நான் நெசமாவே அப்படித்தான் நம்புனேன். ஆனா நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே. நீங்களும்தானே ஆமென் சொன்னீங்க?"

திரும்ப ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன்.

வார்டில் என்னால் வாயை மூட முடியவில்லை. வசனமாகச் சொன்னேன். பாட்டுப் பாடினேன். வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர் என்று மூச்சுவிடாமல் பேசினேன். ஒரு மத்தியானம் அவள் என் கையைத் தட்டினாள்.

"கொஞ்சம் பேசாம இருங்களேன்."

நிறுத்தினேன். மூச்சுக்கு மூச்சு இடைவெளி விட்டு அவள் பேசினாள்.

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. எனக்கும் ஊசின்னா பயமாத்தான் இருந்துச்சு. நீங்க வா, போவோம்னு சொல்லுவீங்கன்னு அன்னைக்கு உங்க மூஞ்சியையே பாத்தேன். இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். கையை மட்டும் பிடிச்சுக்குங்க."

பதினோரு நாள் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் அறுவடை மெஷின்கள் இறங்கிய வாரத்தில் போய்விட்டாள். அடக்க ஆராதனையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லிப் போதகர் கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பிரசங்க மேடை ஏறவும் இல்லை. வீட்டில் மண்டியிட்டால் ஒரு சொல்கூட வருவதில்லை. இது ஆண்டவர் முன் அடங்கியிருப்பதா, அல்லது அதே பழைய பயமா, எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

போன மாதம் ஆலயம் முடிந்ததும் சபையார் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். அவர் மனைவிக்கும் அதே வியாதி. ஊசி வேண்டாம், ஜெபமே போதும் என்று வீட்டில் சொல்கிறார்களாம்.

"என்ன சார் பண்றது?"

"நாளைக்கே தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போங்க. ஜெபத்தை பஸ்ல பண்ணிக்கலாம்."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.