கயிற்றுக்கு உள்ளே

என் வீட்டுக்காரர் குராமோச்சி பேருந்து ஓட்டிய காலத்தில், நின்றுகொண்டு வருகிற கிழவிகள்கூடக் கம்பியைப் பிடிக்க மாட்டார்கள். பிரேக் போட்டதே தெரியாது. ஓய்வு பெற்றதும் அந்த நிதானமெல்லாம் கேமராவுக்குள் போய்விட்டது.

வறுத்த சோயாவை வீசிப் பேய் விரட்டும் செத்சுபுன் பண்டிகை வந்தால் போதும், நெகிஷி அம்மாவுக்குச் சொந்தமான மலைச்சரிவில், சருகுக்கு மேலே விரல்நக அளவில் வெள்ளைப் பூக்கள் தலைகாட்டும். இவர் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துவிடுவார். நான் பக்கத்தில் தேநீர்க் குடுவையோடு காவல்.

“என் மூஞ்சிய எப்பவாவது இவ்வளவு கிட்டத்துல பாத்திருக்கீங்களா?”

“பேசாதே, உன் மூச்சுல பூ ஆடுது.”

போன குளிர்காலத்தில் ஒரு பூவுக்கு ஆசைப்பட்டுச் சாக்கை விட்டே புரண்டுவிட்டார். எழுந்து பார்த்தால், சருகுக்கு அடியில் இன்னும் வெளியே வராத மொட்டுகள் கூழாகிக் கிடந்தன. மனிதருக்கு முகமே வெளுத்துவிட்டது. மளமளவென்று சருகைத் தள்ளி மூடினார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

படம் எடுக்க விட்டதற்கு நன்றி சொல்ல இனிப்புப் பெட்டியோடு நெகிஷி அம்மா வீட்டுக்குப் போனோம். “எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்!” என்றார் அந்த அம்மா. வாய் வரை வந்ததை இவர் தேநீரோடு விழுங்கிவிட்டார். வருடம் முழுக்க அது அவருக்குச் செரிக்கவில்லை.

இந்த வருடம் போனால், சரிவைச் சுற்றிக் கயிறு. கேமராக்காரர்கள் வெளியே வரிசையாக நிற்கிறார்கள். இவர் புரண்ட இடம் மொட்டையாகக் கிடந்தது.

“எந்தப் பாவியோ படுத்து உருண்டிருக்கான். விதை விழுந்து பூவாக வருசக்கணக்கா ஆகும்,” என்று பொருமிய நெகிஷி அம்மா, இவரைப் பார்த்ததும் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். “நீங்க வாங்க குராமோச்சி சார். உங்களுக்கு ஏது கயிறு?”

இவர் கேமராவைக் கீழே வைத்தார். உறைந்த மண்ணில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார்.

“நான்தாம்மா அது. நசுக்குனதும் நான்தான், மூடி மறைச்சதும் நான்தான்.”

நெகிஷி அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? எவனோ செஞ்ச தப்புக்கு இவரு மண்டி போடறாரு. மனுஷன்னா இவரு!”

வரிசையில் நின்றவர்கள் தொப்பியைக் கழற்றி, அவர்களும் குனிந்தார்கள். எங்கள் ஊரில் தன் தப்புக்கும் ஊரார் தப்புக்கும் ஒரே குனிவுதான். இதில் நிஜக் குற்றவாளியை யார் நம்புவார்கள்?

“இல்லம்மா, சத்தியமா...”

“போதும், எந்திரிங்க. சளி பிடிச்சுக்கும்.”

இவர் என்னைப் பார்த்தார். எனக்கு முகம் பற்றி எரிந்தது.

“அவரு சொல்றது நெசம்மா. நானும் கூடத்தான் இருந்தேன். நானும் மறைச்சேன்.”

நெகிஷி அம்மா சிரித்தேவிட்டார். “ஜாடிக்கேத்த மூடி! ரெண்டு பேருமே உள்ள வாங்க.”

கையைப் பிடித்து இழுத்து எங்களை உள்ளே விட்டு, கயிற்றை இறக்கினார். வெளியே அத்தனை பேரும் மரியாதையோடு பார்த்துக்கொண்டிருக்க, எந்தச் சருகுக்கு அடியில் எது இருக்கிறதோ என்று, அடுத்த காலை எடுத்து வைக்க முடியாமல் நாங்கள் இருவரும் நின்றோம்.