படகு ஓடாத பதினொரு நாட்கள்

ஏரியின் நீர்மட்டத்தைப் பத்தொன்பது ஆண்டுகளாகக் குறித்து வந்தவரை ஊர் அளவுக்காரம்மா என்றே அழைத்தது. தென்கரையில் ஒன்றும் வடகரைப் படகுத்துறையில் ஒன்றுமாக இரண்டு அளவுகோல்கள் தூண்களில் அறையப்பட்டிருந்தன. காலையில் காற்று எழுமுன் தென்கரையில் பார்த்து எழுதிவிட்டு, முதல் படகில் அக்கரை சென்று அங்கும் எழுத வேண்டும். படகை ஓட்டியவர் அவருடைய கொழுந்தனார்.

தண்ணீர் எங்கும் ஒரே மட்டமாகத்தான் நிற்கும். ஆகவே இரண்டு எண்களும் ஆண்டுக்கணக்காக இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்தே வந்தன. ஐந்து மாதங்களுக்கு முன் தென்கரை எண்ணைவிட வடகரை எண் குறையத் தொடங்கியது. முதலில் இரண்டு மில்லிமீட்டர், பிறகு ஐந்து, பிறகு பன்னிரண்டு, இப்போது முப்பத்தெட்டு.

அளவுக்காரம்மாவின் சந்தேகம் நேராகக் கொழுந்தனாரிடம் போய் நின்றது. அளவுகோலைச் சற்றே உயர்த்தி அறைந்துவிட்டால் எண் குறையும். நீர் குறைந்ததாகப் பதிவானால் துறையைத் தூர்வாரித் தருவார்கள். தூர்வாரச் சொல்லி மூன்று முறை மனு எழுதியவர் அவர். அளவுக்காரம்மா ஆணிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் பழைய துரு. அப்போதும் மனம் ஆறாமல், அளவுகோலையும் தூணையும் சேர்த்து ஒரு கறுப்பு நூலைக் கட்டி, முடிச்சின் மேல் ஒரு சொட்டு வண்ணம் வைத்தார்.

மறுநாளே அது கொழுந்தனார் கண்ணில் பட்டது.

“என்ன அண்ணி, தூண் ஓடிப்போயிடும்னு கட்டிப்போட்டிருக்கீங்களா?”

“தூண் எங்கயும் போகாது தம்பி. ஆளுங்கதான் கை வைப்பாங்க.”

“ஓ, அப்படியா. நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மூடுபனியில நான் படகே எடுக்காத நாள்ல அக்கரை அளவை எப்படி எழுதினீங்க? நீந்திப் போனீங்களா?”

அளவுக்காரம்மா பதிவேட்டை மூடி இடுக்கிக்கொண்டார். அந்த நாட்களில் அவர் அக்கரை போகவே இல்லை என்பதுதான் உண்மை. படகு ஓடாத நாட்களில் தென்கரை எண்ணையே வடகரைப் பத்தியிலும் எழுதிவிடுவது அவர் வழக்கம். எப்படியும் ஒன்றாகத்தானே இருக்கும் என்பது அவர் கணக்கு. பத்தொன்பது ஆண்டுகளில் அது ஒருமுறையும் பிசகியதில்லை; வடகரை எண் குறையத் தொடங்கிய பிறகும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

ஒரு வாரம் கழிந்தது. நூல் அறவில்லை, வண்ணச் சொட்டு விரிசல் விடவில்லை. வடகரை எண் மட்டும் இன்னும் இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது.

அவர் மாதந்தோறும் பதிவுகளை அனுப்பிவந்த எரிமலை ஆய்வகத்திலிருந்து அந்த வாரமே கடிதம் வந்தது. பதிவுகள் ஐயத்துக்கு இடமாக இருப்பதாகவும், பதிவேட்டுடன் நேரில் வந்து விளக்கம் தர வேண்டும் என்றும், படகுக்காரர் பயண ஏட்டுடன் உடன் வர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. ‘ஏட்டை எதற்குக் கேட்கிறார்கள்? யார் போட்டுக்கொடுத்தது?’ போகும் வழியெல்லாம் அளவுக்காரம்மா கொழுந்தனாரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். அவரோ ஏட்டை அக்குளில் இடுக்கியபடி ஆய்வகத்தின் வெளி வராந்தாவிலேயே உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே சுவரை நிறைத்து ஓர் உலக வரைபடம் தொங்கியது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் மாலைபோல் கோத்திருந்தன. சுமத்திராவின் தோபா ஏரிமேல் பெரிய புள்ளி ஒன்று, ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கின் வழியே சில, அமெரிக்கக் கண்டத்தின் உள்ளே யெல்லோஸ்டோன்மேல் தனியாக ஒன்று.

ஆய்வாளர், அளவுகளைக் கோடாக வரைந்த ஒரு தாளை அவர் முன் விரித்தார். “பாருங்கம்மா. ரெண்டு கரைக்கும் உள்ள வித்தியாசம் ஏறுது, திடீர்னு பூஜ்யத்துக்கு விழுது, மறுநாள் பழைய இடத்துக்கே ஏறுது. இப்படிப் பதினொரு தடவை. நிலம் இப்படிக் குதிக்காது. அதனால மொத்தப் பதிவையும் தள்ளிடலாம்னு இருக்கேன்.”

“நிலமா? நிலம் ஏறுமா மேடம்?”

“நம்ம ஊர் எதுமேல உக்காந்திருக்கு, தெரியுமில்ல?”

“மலை வெடிச்சுத் தலை பறந்துபோன குழின்னு சொல்வாங்க.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. தலை பறக்கலம்மா, உள்ள இறங்கிடுச்சு. அடியில இருந்த பாறைக்குழம்பு மளமளன்னு வெளிய கொட்டினதும் மேல இருந்த கூரைக்குத் தாங்க ஆளில்ல, அப்படியே அமுங்கிடுச்சு. ‘கால்டெரா’ன்னு சொல்றது இதைத்தான். பூமியோட மேல்தட்டு ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில போற இடம், கண்டம் பிளக்கிற இடம், அடியிலருந்து சூடு மேல வர்ற இடம், அங்கெல்லாம் இது இருக்கும், அந்தப் படத்துல சிவப்புப் புள்ளி வெச்ச மாதிரி. கீழ மறுபடி குழம்போ, வெந்நீரோ, ஆவியோ சேர்ந்தா தரை மெல்ல மேல வரும். வெடிச்சிடும்னு அர்த்தம் இல்ல. ஆனா கவனிக்கணும்.”

அளவுக்காரம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். தரை உயர்ந்தால் தூணும் உயரும், தூணோடு அளவுகோலும் உயரும். நூல் எப்படி அறும்? வடகரையில் அறுபது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம். இந்தத் தாள் குப்பைக்குப் போனால் அவற்றை எவரும் கவனிக்கப்போவதில்லை. தாள் நிற்க வேண்டுமென்றால் அந்தப் பதினொரு நாட்களும் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அதன்பின் பத்தொன்பது ஆண்டுப் பெயரும் வேலையும் நிற்குமா?

எழுந்து கதவைத் திறந்தார். “தம்பி, ஏட்டை எடுத்துட்டு உள்ள வாங்க.”

“நானா ஏட்டைக் காட்டணும்னு வரல அண்ணி, அவங்கதான் கேட்டாங்க,” என்றார் கொழுந்தனார் தாழ்ந்த குரலில். அதையும் அளவுக்காரம்மா முழுதாக நம்பிவிடவில்லை.

படகு ஓடாத தேதிகளை ஏட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்து, தம் பதிவேட்டில் அந்த வடகரை எண்களைத் தம் கையாலேயே கோடிட்டு அடித்தார். “இதெல்லாம் நான் போய்ப் பார்க்காம எழுதினது மேடம். மத்தது எல்லாம் கண்ணால பார்த்தது.”

ஆய்வாளர் பதினொரு புள்ளிகளையும் அழித்தார். எஞ்சியவை ஒரு சாய்வான பாதைபோல ஒழுங்காக ஏறின: ஐந்து மாதத்தில் நான்கு சென்டிமீட்டர். அவர் அந்த ஏற்றத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, வடகரைக்கு நில அளவைக் கருவிகளை அன்றைக்கே அனுப்பச் சொன்னார்.

வேலை போகவில்லை. எழுத்து மூலம் எச்சரிக்கை ஒன்று வந்தது. இனி ஒவ்வொரு பதிவிலும் சாட்சியாக வேறொருவர் கையொப்பமும் வேண்டும் என்று ஆணையிட்டிருந்தார்கள். விடியற்காலையில் அந்தத் துறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

முதல் நாள் கொழுந்தனார் அளவுகோலைப் பார்க்காமலேயே பேனாவுக்குக் கை நீட்டினார். “நீங்க பார்த்தா சரிதான் அண்ணி.”

அளவுக்காரம்மா பேனாவைக் கொடுக்கவில்லை.

“குனிஞ்சு பாருங்க தம்பி. என்னை நம்பாம பாருங்க.”

அவர் முணுமுணுத்தபடி குனிந்தார். இருவர் எண்ணும் ஒத்து வந்தது. தென்கரை எண் மாறாதிருக்க, இது முந்தின நாளைவிட ஒரு மில்லிமீட்டர் குறைவு.