ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே

ஹட்டனில் நான் படம் பார்க்கப் போகும் தியேட்டரில், இடது பக்கச் சுவரில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் சீட்டில் விவரம் தெரிந்த யாரும் உட்காருவதில்லை. சண்டைக் காட்சி வந்தால் நெஞ்சு அதிரும். வெளியே வந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் காதுக்குள் இரைச்சல் ஓயாது. அதற்கு அடுத்த சீட்டின் முதுகில், கொரோனாக் காலத்தில் பெருக்கல் குறி போட்டு ஒட்டிய சிவப்பு டேப்பின் பிசின் இன்னும் போகவில்லை. அந்த ஸ்பீக்கருக்குக் கீழேதான் என் அக்கா உட்காருவாள்.

அக்கா அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். அத்தான் இறந்த பிறகு தோட்டத்து வரிசை வீடான லயத்தில் தனியாகத்தான் இருந்தாள். நான் ஹட்டன் கடைவீதியில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்துகொண்டு, கடைக்குப் பின்னாலுள்ள அறையில் தங்கியிருந்தேன். அம்மா, அப்பா இல்லை. எனக்கு அவள், அவளுக்கு நான், அவ்வளவுதான். ஊரடங்கு தளர்ந்து தியேட்டரைத் திறந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடுவாள். அதுவரை சினிமாவென்றால் கொட்டாவி விட்டவளுக்கு இப்படி ஒரு பைத்தியம் பிடித்ததே என்று எனக்குச் சிரிப்பு. படத்தின் பெயரைக்கூடக் கேட்கமாட்டாள். "சண்டப் படந்தானே?" என்று மட்டும் கேட்பாள். குடும்பப் படம் என்றால் முகம் வாடிவிடும்.

ஒரு சீட் விட்டு ஒரு சீட்டில்தான் உட்கார வேண்டும் என்பது அப்போதைய சட்டம். பாதி தியேட்டர் காலியாகவே கிடக்கும். எனக்கு பெல்கனியில் நடுவாக உட்கார ஆசை. அக்காவோ விறுவிறுவென்று கீழே நடந்து சுவரோரம் போய் உட்கார்ந்துவிடுவாள். டிக்கட் கிழிப்பவர் முதல்முறை தடுத்துப் பார்த்தார். "அங்க எதுக்கும்மா? காது போயிரும்." அவள் காதிலேயே வாங்கவில்லை. காது மந்தம் என்று அவரே முடிவு கட்டி, அடுத்தடுத்த வாரங்களில் கையை ஆட்டி ஆட்டிச் சைகையில் வழிகாட்டினார். எனக்கும் அந்தச் சந்தேகம் வராமலில்லை. எங்களுக்கு நடுவே பெருக்கல் குறி போட்ட சீட். அதைத் தாண்டி எதைச் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. பக்கத்தில் இருந்தும் தனியாகப் படம் பார்ப்பது எனக்கு அங்கேதான் பழகியது.

ஒரு ஞாயிறு, படத்தில் தாய் சாகும் காட்சி வந்தது. இசையை நிறுத்திவிட்டார்கள். தியேட்டரே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. அப்போது அக்கா இருமினாள். மாஸ்க்குக்கு மேல் முந்தானையை அமுக்கியும் நிற்கவில்லை. வயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து தூரமாகப் போனார்கள். யாரோ போன் வெளிச்சத்தை அவள் முகத்தில் அடித்தார்கள். குனிந்துகொண்டே வெளியே ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன்.

வெளியே தூறல். மூடியிருந்த ஒரு கடையின் தாழ்வாரத்தில் நின்றோம். "எத்தன நாளாக்கா?" என்றேன்.

"ரொம்ப நாளா இருக்கு, புள்ள. லயத்துல சுவரு கூர வரைக்கும் போகலல்ல? நான் இருமுனா பக்கத்து வீட்டுக் கொழந்த முழிச்சிக்கிரும். விடிஞ்சா சுகாதாரம் பாக்குற பி.எச்.ஐ. ஐயா வந்து லயத்தையே மூடிப்புடுவாரு. எல்லாருக்கும் வேல போயிரும். கொழும்புல இருந்து கொரோனாவோட வந்த அந்தப் பையன் வீட்டுக்காரங்கள என்ன பாடு படுத்துனாங்க! பீலிக்குத் தண்ணி எடுக்கக்கூட விடலயே. இங்க வந்தாத்தான், சண்ட நடக்கையில நான் நிம்மதியா இருமுறேன்."

வாரம் முழுக்க இஞ்சியை மென்று நெஞ்சுக்குள் அடக்கிவைத்ததை எல்லாம், டிக்கட் வாங்கி வந்து அந்த ஸ்பீக்கருக்கு அடியில் கொட்டியிருக்கிறாள். நான் அவளைப் படப் பைத்தியம் என்று நினைத்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். கொரோனா இல்லை என்றார்கள். அன்று அக்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! எக்ஸ்ரே எடுக்க மறுபடி வரச் சொன்னது அவள் மண்டையில் ஏறவேயில்லை. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க வாய்விட்டு இருமிக்கொண்டே வந்தாள். முறைத்த ஒருவரிடம், "பயப்புடாதீங்க, இது அது இல்லீங்க. வெறும் இருமல்தான்" என்றாள். லயத்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம்.

அது வெறும் இருமல் இல்லை என்று எக்ஸ்ரே சொன்னது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். லயத்துச் சுவர் கூரையைத் தொடாத கதையை அவருக்கு எந்தப் பாஷையில் சொல்வது? வருஷம் திரும்புவதற்குள் அக்கா போய்விட்டாள். சாவு வீட்டில் பக்கத்து வீட்டுக்காரி, "சத்தங்காட்டாத மனுஷிங்க" என்று சொல்லி அழுதாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இன்று எந்த சீட்டிலும் உட்காரலாம். பெல்கனி நடுவிலும் இடம் கிடைக்கும். ஆனால் கால் பழைய இடத்துக்கே போகிறது. ஸ்பீக்கருக்கு அடியில் நான் உட்காருவதில்லை. பிசின் ஒட்டிய சீட்டையும் விட்டுவிட்டு, என் சீட்டில் உட்காருகிறேன். டிக்கட் கிழிப்பவர் ஒருநாள், "காது கேக்காத அக்கா வரலயா?" என்றார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் படத்தில் சத்தமே இல்லாத ஒரு காட்சி. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். பலமான இருமல்தான். ஒருவரும் எழவில்லை, ஒரு தலையும் திரும்பவில்லை. நான் மட்டும் திரும்பினேன், சுவர்ப் பக்கம்.