பதினாலாம் படுக்கைக்கு எழுதிய பதில்

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும், நாய் ஊளையிடும், காற்று வீசும் என்று நினைப்பவர்கள் இதை நம்பவே வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. ஜன்னல் வழியாக வெயில் என் முழங்கைமேல் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் பார்த்தோம். அதில் ஒருத்தர் இப்போது, "நான் எதையும் பார்க்கவில்லை" என்கிறார். சொல்லிக்கொள்ளட்டும். நான் பார்த்தேன்.

மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையிலேயே எனக்கு அறுபது வயதாகிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் அக்கா மகள் என்னை விடவில்லை. அவளுக்கு நாற்பது வயது. எனக்கு இன்னும் சுண்டெலிதான். ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் இரண்டு அறை பிடித்துச் சின்னதாக ஒரு கம்பெனி நடத்தினாள். கூட வேலை செய்தவன் தாடி. அவனுக்கும் பெயர் உண்டு, யாரும் கூப்பிட்டதில்லை.

அவர்கள் செய்தது ஒரு முதியோர் இல்லத்துக்கான வேலை. ஒவ்வொரு படுக்கையிலும் கையடக்கமாக ஒரு பெட்டி. அதில் ஒரே ஒரு பொத்தான், விரல் அகலத்துக்கு ஒரு திரை. அழுத்தினால் படுக்கை எண் எங்கள் சர்வர் கணினிக்கு வரும். சர்வர் நர்ஸ் அறையில் மணி அடிக்க வைக்கும். பெட்டியின் திரைக்கு "ஆள் வருகிறார்" என்று பதில் அனுப்பும். இரண்டு மாதத்துக்கு மேலாகச் சோதனை ஓட்டம் நடந்து, அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒப்படைப்பு.

அந்த இல்லத்தில்தான் என் அக்காவும் இருந்தாள். சுண்டெலியின் அம்மா. இடுப்பு முறிந்து, ஒன்பதாம் படுக்கையில். இரண்டு பேர் பிடிக்காமல் அவளால் ஓர் அங்குலம் நகர முடியாது. அந்தப் பொத்தானை நம்பித்தான் அவள் கிடந்தாள்.

சர்வர் சொல்கிற பதில்களில் பல வகை உண்டு. வெறும் எழுத்து ஒரு வகை. நர்ஸின் திரைக்குப் போகிற தகவல் இன்னொன்று. "அப்படி ஒன்று இல்லை" என்பது ஒரு வகை. நானூற்று நான்கு என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். "இங்கே இல்லை, அங்கே போ" என்பது வேறொரு வகை. தாடி எழுதிய கணினி மொழி கண்டிப்பான கணக்கு டீச்சர் மாதிரி. ஒரு வகைக்கு வழி சொல்லாமல் விட்டாலும், எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் ஏற்றுக்கொள்ளாது, விட்ட இடத்தைக் காட்டி முரண்டு பிடிக்கும். அதன் வாயை அடைக்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. கடைசியில், "மற்ற எதுவானாலும்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும்.

தாடி எழுதியிருந்தான். மற்ற எதுவானாலும்... ஆள் வருகிறார்.

அதாவது, பட்டியலில் இல்லாத படுக்கையிலிருந்து யாராவது அழுத்தினாலும் அதே பதில் போகும். மணி மட்டும் எங்கும் அடிக்காது.

மூன்று மணி பத்து நிமிடம். என் திரையில் ஒரு வரி வந்தது.

படுக்கை 14. பதில்: ஆள் வருகிறார்.

"சுண்டெலி, பதினாலு பட்டியல்லயே இல்லையே."

"பழைய பெட்டி எங்கயாவது கிடக்கும் சித்தி. விடு."

மறுபடியும் 14. மறுபடியும். சோர்ந்த கை அழுத்துவது மாதிரி, விட்டு விட்டு வந்தது. நான் இல்லத்து நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"பதினாலா? அந்த ரூமைப் பூட்டி ரெண்டு மாசம் ஆச்சும்மா. பெட்டியைக்கூட உங்க ஆபீசுக்கே அனுப்பிட்டோமே."

"அதுல யார் இருந்தாங்க?"

"தையல்காரம்மா. போய்ச் சேர்ந்துட்டாங்க."

போனை வைத்தேன். தாடி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பெட்டி எங்கப்பா?"

"அலமாரில."

"அந்தத் தையல்காரம்மாவுக்கு என்ன ஆச்சு?"

"சோதனை ஓட்டத்தப்போ திடீர்னு ரூம் மாத்திட்டாங்க. புது எண்ணை யாரும் நமக்குச் சொல்லல. அன்னைக்கு நெஞ்சு வலி..."

"அழுத்தினாங்களா?"

"விடியற வரைக்கும்."

"பெட்டி என்ன காட்டுச்சு?"

அவன் சுண்டெலியைப் பார்த்தான். சுண்டெலிதான் சொன்னாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆள் வருகிறார்னு காட்டியிருக்கும். வேற என்ன காட்டும்? நிம்மதியா போயிருப்பாங்க."

"தெரிஞ்சுமா அந்த வரியை மாத்தாம வச்சிருக்கீங்க?"

"மாத்தினா, ஏன் மாத்தினீங்கன்னு கேப்பாங்க சித்தி."

நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். கீழ்த்தட்டில், அட்டை டப்பாவுக்குள் அந்தப் பெட்டி. பின்பக்க மூடி இல்லை. பாட்டரி இருக்க வேண்டிய குழியில் தூசி. கையில் எடுத்தேன். சில்லென்று இருந்தது.

டக்.

பொத்தான் உள்ளே போனது. நான் தொடவில்லை. மெதுவாக வெளியே வந்தது.

"சித்தி..." பின்னாலிருந்து தாடியின் குரல். "இப்ப ஒண்ணு வந்துச்சு."

படுக்கை 14.

திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அது எப்போதும் காலியாகத்தான் இருக்கும். ஒற்றைப் பொத்தானில் எழுத்தா அடிக்க முடியும்? இந்தத் தடவை அது காலியாக இல்லை.

'எப்போ?'

சர்வர் பதில் சொன்னது. ஆள் வருகிறார்.

'யாரு வராங்க?'

ஆள் வருகிறார்.

'இருட்டா இருக்கே...'

ஆள் வருகிறார்.

தாடி நாற்காலியைப் பின்னால் தள்ளினான். சுண்டெலியின் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"எவனோ உள்ள புகுந்து விளையாடறான். அஞ்சு மணிக்கு அவங்க முன்னாடி இது வந்தா என் பொழப்பு போச்சு."

"இல்லைன்னு சொல்லிடு," என்றேன். "அப்படி ஒரு படுக்கையே இல்லைன்னு எழுது. அதுதானே உண்மை."

"இல்லைன்னா விடாது சித்தி. கேட்டுக்கிட்டே இருக்கும். அங்கே போன்னு சொன்னா நம்மளை விட்டுத் தொலையும்."

"எங்க போகச் சொல்லுவ?"

"ஒன்பதுக்கு."

"அது உங்கம்மா படுக்கைடி."

"மொதல் நாள்லேர்ந்து அதுலதானே சோதிக்கிறோம். ஏதாவது வந்தா அம்மா போன் பண்ணிச் சொல்லிடுவா. அவளுக்கும் பொழுது போகணும்ல."

தட்டச்சுச் சத்தம்.

"முந்நூத்தி ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டேன்.

"அங்கே போ" என்பதில் இரண்டு உண்டு. முந்நூற்று இரண்டு என்றால், இந்த ஒரு தடவை அங்கே போ. முந்நூற்று ஒன்று என்றால், இனி எப்போதும் அங்கேயே போ, இங்கே வந்து கேட்காதே. கேட்கிறவர் அதை ஞாபகம் வைத்துக்கொள்வார். பிறகு நாம் அந்த வரியை அழித்தாலும் அவருக்குத் தெரியாது.

"ஒண்ணு. நிரந்தரமா போகட்டும் சனியன்."

கம்பைலர் முரண்டு பிடிக்கவில்லை. ஒரு எச்சரிக்கைகூட இல்லை. தாடி எழுதினாலும் சரி, அவள் எழுதினாலும் சரி, அது முதல் தடவையே ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்று மணி நாற்பது.

படுக்கை 14. பதில்: அங்கே போ.

அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஒரு நிமிடம்... இரண்டு...

"போச்சு பாத்தியா?" சுண்டெலி சிரித்தாள்.

போன் அடித்தது. அக்கா. நான் எடுத்தேன்.

"யாரைடி அனுப்பி வச்சீங்க?"

"யாரையும் அனுப்பலையே அக்கா."

"வந்து நிக்கிறாளே. நீங்கதான் இங்க போகச் சொன்னீங்களாம்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"விரல்ல, தையல்காரங்க ஊசி குத்தாம இருக்கப் போடுற இரும்பு அங்குஸ்தான் மாட்டியிருக்கா," என்றாள் அக்கா. "கட்டில் கம்பியில தட்டிக்கிட்டே இருக்கா."

எனக்கும் கேட்டது.

டிங்... டிங்...

"அக்கா, பொத்தானை அழுத்து."

"அழுத்திட்டேன்டி. ஆள் வருதுன்னு போட்டிருக்கு."

என் திரையைப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

"திரும்ப அழுத்து."

"ஆள் வருதுன்னுதான்டி போடுது..."

திரை காலி.

"தள்ளிப் படுன்றா."

"அக்கா..."

"எப்படித் தள்ளுவேன்? இடுப்பு..."

டிங்.

அவ்வளவுதான்.

நான் நர்ஸுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மூன்று பேரும் காரில் போனோம். சுண்டெலி வழியெல்லாம், "ஒண்ணும் இருக்காது சித்தி, ஒண்ணும் இருக்காது," என்றபடியே வந்தாள். வாசலிலேயே நர்ஸ் நின்றிருந்தாள். அவள் நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"மணியே அடிக்கலம்மா. மாத்திரை கொடுக்கப் போனப்போதான் பார்த்தேன்."

அக்கா கட்டிலின் ஓரத்தில் கிடந்தாள். இன்னும் ஒரு விரல்கடை நகர்ந்திருந்தால் தரைதான். வாயில் போர்வையைக் கடித்திருந்தாள். எவ்வளவு வலித்திருந்தால் அப்படிக் கடித்திருப்பாள்.

"நீங்க நகர்த்தினீங்களா?"

"இல்லம்மா. யாரும் தொடல. இன்னொண்ணு சொல்றேன், பயப்படாதீங்க. உடம்பு சில்லுனு இருந்துச்சு. நடுவுல மெத்தை மட்டும் சூடா இருந்துச்சு."

சுண்டெலி அன்றைக்கே அந்த 'அங்கே போ' வரியை அழித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடுத்த வாரம் ஒப்படைத்தும் விட்டாள். "அம்மா இருந்தாலும் அதைத்தான் விரும்புவா," என்றாள். அந்த இல்லத்தில் இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. எங்கள் திரையில் 14 அப்புறம் வரவே இல்லை.

போன மாதம் மருந்துக் கடையில் அந்த நர்ஸைப் பார்த்தேன். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"அந்த ஒன்பதாம் படுக்கை..."

"காலியா வைக்க முடியுமாம்மா? ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் வந்திருக்கார்."

"நல்லா இருக்காரா?"

"பகல்ல நல்லாத்தான் இருக்கார். ராத்திரியில கீழ விழுந்துடறார். ரெண்டு தடவை மண்டை உடைஞ்சு தையல் போட்டாச்சு. ஓரத்துலயே படுக்கிறார். நடுவுல படுங்க சார்னு சொன்னாக் கேக்கவே மாட்டேங்கிறார்."

"ஏனாம்?"

நர்ஸ் மருந்துப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"நடுவுல ரெண்டு பொம்பளைங்க படுத்திருக்காங்களாம்."