துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போட்ட தீனி

குமணன்சாவடியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு வாரந்தோறும் நான் ஒரு வாளியில் கடல் கலக்குகிறேன். கேன் தண்ணீரை ஊற்றி, மீன்தொட்டிக்கென்றே விற்கிற கடலுப்பைக் கொட்டிக் கரைத்தால் கடல் தயார். எங்கள் ஊர் மன்னாரில் கதவைத் திறந்தால் காலடியில் வந்து விழுகிற சாமானை இங்கே பொட்டலத்தில் வாங்குகிறேன். கேன் போடுகிற முருகேசனுக்கு இது பொறுக்கவில்லை. "இன்னா சார் நீ? எங்க ஊட்டு போர்ல வர்றதே உப்புத்தண்ணிதான். அதுக்குப் பயந்துகினுதான் ஊரே கேன் வாங்குது. நீ கேன் தண்ணிய வாங்கி அதுல உப்பக் கொட்டிகினு கீறியே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் என் ஊர்த் தமிழில் ஏதோ விளக்கம் சொன்னேன். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துவிட்டு, "நீ கேரளாவா சார்?" என்றார். இல்லையென்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஆமென்று தலையாட்டினேன்.

தொட்டி என் மனைவி ஜெசிந்தாவுடையது. சண்டைக்காலத்தில் இலங்கையிலிருந்து வெவ்வேறு படகுகளில் வந்து, ஒரே அகதி முகாமில் சந்தித்து, கட்டிக்கொண்டவர்கள் நாங்கள். அம்பத்தூரில் எனக்குக் கம்பெனி வேலை கிடைத்ததும் இந்தப் பக்கம் வந்தோம். இங்கே தண்ணீர் லாரி உண்டு, நெரிசல் உண்டு, நல்ல சனங்கள் உண்டு; கடல்தான் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கூட்டத்துக்கும் பஜ்ஜிப் புகைக்கும் நடுவில் நின்று பார்த்துவிட்டு, "கடல் கிடக்கு, ஆனா சத்தம் கேக்குதில்லையே" என்றாள். பிறகு ஒருநாளும் வரமாட்டேன் என்றுவிட்டாள். அதன்பிறகுதான் தொட்டி வாங்கினேன். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல்மீன்கள். அவை கடைத்தொட்டியிலேயே பிறந்தவை, கடலைக் கண்டதில்லை என்று கடைக்காரர் சொன்னபோது, "முகாமில பிறந்த பிள்ளையள் மாதிரி" என்றாள். இரண்டு விரல்நுனியில் எடுத்த தீனிக்கு மேல் போடமாட்டாள். அவள் இருந்தவரை கண்ணாடியில் பாசி ஒட்டியதே இல்லை.

இந்த வருஷம் நோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. கரையான்சாவடிப் பக்கம் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அன்றிலிருந்து ஊரிலுள்ள தம்பி விடாமல் அழைக்கிறான்: "அண்ணை, இனி அங்க ஆர் இருக்கினம் உங்களுக்கு? வாங்கோ." போகத்தான் வேண்டும் என்று எனக்கும் பட்டது. ஆனால் அவள் கை பட்ட இரண்டு உயிர் இந்தத் தொட்டிக்குள் நீந்திக்கொண்டிருக்கிறது. அதை நல்லபடியாக ஒருவர் கையில் கொடுக்காமல் எப்படிப் போவது?

சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாதென்று தெருவே எனக்குச் சோறு கொண்டுவந்தது. வந்தவர்களுக்கு என்னிடம் என்ன பேசுவதென்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்க்கமாட்டாமல் தொட்டிப் பக்கம் திரும்பினார்கள். மீன்கள் வாயைத் திறந்துகொண்டு கண்ணாடியில் வந்து மோதின. "பாவம், வாயில்லா ஜீவன், அதுங்களுக்கும் பசிக்கும்ல?" ஆளுக்கொரு சிட்டிகை போட்டார்கள். சிலர் பொரி போட்டார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான் கவனிக்கவும் இல்லை. தலை நிமிர்ந்து பார்த்தபோது பாறையெல்லாம் பச்சை மயிர், மணலெல்லாம் செம்பழுப்பு வழுவழுப்பு. எங்கள் கரையில் சாதாளை என்கிற கடற்பாசி குவியும். அலை கொண்டுவரும், அலையே கொண்டுபோகும். கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டது எங்கேயும் போவதில்லை. கடைக்காரர் போனில் படத்தைப் பார்த்துவிட்டு, "தீனி ஜாஸ்தி சார். கொறைங்க. லைட்ட அணைச்சு, துணி போட்டு மூடி வைங்க. வெளிச்சம் இல்லேன்னா பாசி தானா செத்துரும்" என்றார்.

அதைவிடக் கடினமான வேலை கீழ்வீட்டுச் செல்வியிடம் சொல்வது. வீட்டுக்காரரின் மனைவி. மற்றவர்களெல்லாம் நின்றபிறகும் தினமும் படியேறி வந்து தீனி போட்டவள் அவள். "இனி வேண்டாம் செல்வி, நானே பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நா உன் ஊட்டாண்ட வரக்கூடாதுன்றியாண்ணா? நேரா சொல்லிடு. அக்கா ஆஸ்பத்திரில என் கையப் புட்ச்சுகினு சொல்லிச்சு, மீனப் பாத்துக்கடின்னு. அதுக்குத்தான் வர்றேன்."

ஜெசிந்தா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லையே என்று நெஞ்சு எரிந்தது. பாசியைப் பற்றி நான் சொல்லத் தொடங்குமுன் செல்வி இறங்கிப் போய்விட்டாள்.

பழைய போர்வையால் தொட்டியை மூடினேன். இரண்டு நாள் கழித்து, துணி காயப்போட மாடிக்கு வந்த செல்வி ஜன்னல் வழியே அதைப் பார்த்திருக்கிறாள். சற்று நேரத்தில் தூக்குச்சட்டியில் சோறும் ரசமுமாக வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டுமே போச்சாண்ணா?"

மீனுக்கும் துக்கச்சோறு. சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. போர்வையை விலக்கிக் காட்டினேன். பாசி வெளிறிச் சோர்ந்திருந்தது. பாறை இடுக்கிலிருந்து இரண்டு மீனும் எட்டிப்பார்த்தன. செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அளவுக்கு மிஞ்சிய தீனிதான் பாசியானதென்று அப்போதுதான் சொல்லி முடித்தேன். "அப்போ நாந்தான் கெடுத்தனா?" என்றாள். இல்லை, நாம் எல்லோரும்தான் என்றேன். ஜெசிந்தா போட்ட அளவை விரல்நுனியில் எடுத்துக் காட்டினேன். அதே அளவு அவளும் எடுத்துப் போட்டாள். இனி இவளிடம் விட்டுப்போகலாம் என்று நினைத்தேன். மனம் ஆறியிருக்க வேண்டும், ஆறவில்லை.

பாறையில் மிச்சமிருந்த பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி வீடியோவில் வந்தான். சாதாளை குவிந்த கரையில் நின்று கடலைக் காட்டினான். செல்வி எட்டிப்பார்த்து, "இன்னாண்ணா, உங்க ஊர்க் கடலாண்டயும் இவ்ளோ பாசியா? யாரும் கழுவ மாட்டாங்களா?" என்றாள்.

"எப்ப வாறியள் அண்ணை?" என்றான் தம்பி.

"மீனுக்குத் தீன் போடோணுமடா."

தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிற குடும்பம் எங்களுடையது. பகிடி என்று நினைத்து அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே மறுபடி கேட்டான், எப்ப வாறியள் என்று. இடது கையிலிருந்த போனில் அந்தக் கடல் இரைந்துகொண்டிருந்தது. வலது கை முழங்கைவரை இந்தக் கடலுக்குள் இருந்தது. நான் எந்தக் கையையும் எடுக்கவில்லை.