தொடாத இட்லி

ஏசம்மாள் என்ற பேர் அவளுக்கு அப்பாவைப் பெற்றவளிடமிருந்து வந்தது. முப்பது வயதுக்காரிக்குக் கிழவி பேரா என்று சபையில் கேலி பேசுவார்கள். அவள் கண்டுகொள்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் இருக்கும் பால்துரை வீட்டில் காலைச் சமையல் அவள் பொறுப்பு. பால்துரைக்கு ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணிக் கம்பெனி. ஏசம்மாளின் புருஷன் தவசிமுத்துவும் அந்தப் பக்கம்தான், ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை. அவர்கள் வீட்டில் காலையில் பழைய சோறு. இட்லி என்றால் ஞாயிற்றுக்கிழமை.

மே மாத லீவில் சபைப் பிள்ளைகளுக்கு விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பாட்டு, பைபிள் கதை, நடுவில் தின்பண்ட இடைவேளை. இந்த வருசம் அதை நடத்தும் டீச்சர் ஒரு சட்டம் போட்டாள். கடைப் பாக்கெட் கூடாது, வீட்டில் செய்ததுதான் வரவேண்டும். எல்லா டப்பாவையும் ஒரே தாம்பாளத்தில் கொட்டி, ஜெபம் பண்ணி, எல்லாரும் பங்குபோட்டுத் தின்ன வேண்டும். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் எது யார் வீட்டுப் பண்டம் என்று தாம்பாளத்தில் கிடந்தாலும் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன?

முதல் நாள் ஏசம்மாளின் மகள் பிளஸ்ஸி பொரிகடலை கொண்டுபோனாள். திரும்பி வந்ததும் பையை மூலையில் எறிந்தாள்.

"நம்மளுது மட்டும் தட்டுல அப்படியே கெடந்துச்சும்மா. யாரும் எடுக்கல."

ஏழு வயதுப் பிள்ளை அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். அழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பால்துரை வீட்டில் அவர் மகன் ஜெர்வின் வழக்கம்போல இட்லித் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். ஆறு வயது, ஒரே பையன். அம்மாக்காரி கிருபாபாய் நாலு வைப்பாள், அவன் அரை இட்லியைக் கொறிப்பான். மற்றது சாம்பார்கூடப் படாமல் வெள்ளை வெளேர் என்று கிடக்கும். ஹாட்பாக்ஸில் மிஞ்சுவது ராத்திரிக்கு உப்புமா ஆகிவிடும், பால்துரைக்கு அது உயிர். தட்டில் மிஞ்சுவது குப்பைக்குப் போகும். பாத்திரத்தில் மிஞ்சினால் மிச்சம், தட்டில் மிஞ்சினால் எச்சில். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

ஏசம்மாள் குப்பைக்கூடை முன்னால் நின்றாள். தொடாத இட்லி எப்படி எச்சில் ஆகும் என்று தனக்குத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டாள். பதில் வருவதற்குள் இட்லியை ஒரு கவரில் போட்டு மடியில் சொருகிவிட்டாள்.

வீட்டில் அதைச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி முறத்தில் பரப்பினாள். மே வெயிலுக்குச் சொல்லவா வேண்டும், மத்தியானத்துக்குள் மேல்பக்கம் காய்ந்துவிட்டது. அரிசி மாவு, மிளகுத்தூள், உப்பு, கொஞ்சம் சோம்பு தூவிப் பிசறி, கடலை எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து எடுத்தாள். மறுநாள் காலைவரை மொறுமொறு என்று நின்றது.

அன்று பிளஸ்ஸி தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தாள்.

"மொதல்ல நம்மளுதுதாம்மா தீந்துச்சு! ஜெர்வின்தான் அம்புட்டையும் அள்ளுனான்!"

ஏசம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாம் என்று தள்ளியவனே அடித்துப்பிடித்துத் தின்கிறான். ஆனால் அவன் மட்டுமா தின்றான்? சபைப் பிள்ளைகள் அத்தனை பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத் தின்றிருக்கிறார்கள். நாளையிலிருந்து வேண்டாம் என்று நினைத்தாள். மறுநாளும் செய்தாள். அதற்கடுத்த நாளும் செய்தாள். பிள்ளை முகம் அப்படி மலர்ந்திருந்தது.

ஒன்று மட்டும் அவளுக்கே உறுத்தியது. பொரிக்கும்போது உப்பு பார்க்கக்கூட ஒரு துண்டை அவள் வாயில் வைத்ததில்லை. புருஷனுக்கும் கொடுத்ததில்லை. பிள்ளைகளுக்குச் செய்தது என்று சாக்குச் சொல்லிக்கொண்டாள். அது சாக்குதான் என்று அவளுக்குத் தெரியும். தன் நாக்குக்கு ஆகாததைப் பெற்ற பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்தாள்.

நிறைவு விழாவுக்கு முந்தின நாள் கிருபாபாய் அடுக்களைக்கு வந்தாள்.

"ஏட்டி, பிளஸ்ஸி என்னமோ மொறுமொறுன்னு கொண்டாராளாமே, இவன் அதே பேச்சா இருக்கான். எதுலட்டி செய்த?"

"இட்லிதான்க்கா."

"எங்க வீட்டு இட்லியா?"

ஏசம்மாளின் கை பாத்திரத்திலேயே நின்றது. "ஹாட்பாக்ஸ்ல மிஞ்சுனதுக்கா. ஒண்ணு ரெண்டு. கேக்காம எடுத்துட்டேன்."

"அதுக்கு என்னட்டி இப்பம்? நாளைக்கு விழாவுக்கு நீயே நெறையச் செஞ்சு குடு." கிருபாபாய் சிரித்துக்கொண்டே போனாள். பாதி உண்மை சொல்லித் தப்பித்துவிட்டோம் என்று ஏசம்மாள் மூச்சு விட்டாள்.

மறுநாள் பிளஸ்ஸியும் கூடவே வந்தாள். ஜெர்வினோடு சேர்ந்து விழாவுக்குப் போக, புது கவுனில் அடுக்களை வாசலில் நின்றாள். ஜெர்வின் சாப்பாட்டு மேசையிலிருந்து தட்டைத் தூக்கிக்கொண்டு நேராக ஏசம்மாளிடம் வந்தான்.

"ஆன்ட்டி, இன்னைக்கி நாலையும் வச்சிட்டேன். கொறிக்கக்கூட இல்ல. கவருல போட்டுக்கோங்க."

ஏசம்மாள் சட்டென்று, "எதுக்குய்யா, நீ சாப்பிடு" என்றாள்.

"தெனமும் என் தட்டுல உள்ளதத்தான எடுத்துட்டுப் போவீங்க? நான் பாத்தேன். அதான் பிளஸ்ஸிக்குன்னு வச்சேன்." பையன் பெருமையாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தான்.

கிருபாபாயின் சிரிப்பு நின்றது. திட்டியிருந்தால் ஏசம்மாள் தாங்கியிருப்பாள். கிருபாபாய் குரலைத் தாழ்த்தி, "கேட்டிருந்தா நல்லதாவே குடுத்திருப்பேனேட்டி. பிள்ளைகளுக்குப் போயி எச்சிலயா..." என்று சொல்லி, பிளஸ்ஸி நிற்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

பிளஸ்ஸி கவுனின் நாடாவைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். ஏசம்மாளுக்கு அந்த இடத்திலேயே செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. ஊரார் பிள்ளைகளைப் பற்றிக்கூட அவள் அப்போது நினைக்கவில்லை. அந்த நாடா முறுக்குவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு கிருபாபாய் தினமும் ஹாட்பாக்ஸிலிருந்து நாலு இட்லி எடுத்துத் தனியாக மூடிவைத்தாள். ஏசம்மாள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றால் ரோஷம் என்பார்கள். ரோஷப்படும் யோக்கியதை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள். அந்த இட்லியைத் தவசிமுத்துவுக்கு வைத்தாள்.

சனிக்கிழமை கடையில் மாவு வாங்கித் தன் வீட்டு அடுப்பிலேயே இட்லி ஊற்றினாள். நறுக்கினாள், காயவைத்தாள், பொரித்தாள். சர்ச்சில் நடக்கும் ஞாயிறு வகுப்புக்கு டப்பாவில் போட்டு மகளிடம் நீட்டினாள்.

பிளஸ்ஸி மூடியைத் திறந்து பார்த்தாள். கை வைக்கவில்லை.

"இது யாரு தட்டும்மா?"

"நம்ம வீட்டுதுதான்டி. நம்ம சட்டியில அவிச்சது. நீதான் பாத்தியே." உண்மையைத்தான் சொன்னாள். சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிளஸ்ஸி டப்பாவை அவள் பக்கமே தள்ளினாள். ஏசம்மாள் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மிளகு காரமாக, நன்றாகத்தான் இருந்தது. இத்தனை நாள் இதன் ருசி தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் விழுங்கும்வரை பிளஸ்ஸி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னொண்ணு தின்னும்மா" என்றாள்.